பூச்சியத்தோடு ஒன்று: மருந்தளவு விகிதக் கணிப்பின் வரலாறும் மன்னார்க் கிணறுகளும்

2016 டிசெம்பரில் மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகளிலிருந்து எடுத்த குடம்பிகளிடையே அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பினம் அடையாளங் காணப்பட்டது. இலங்கையில் இவ்வினத்தின் முதற் பதிவு அதுதான். நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்து மூன்று மாதமே ஆகியிருந்தது. சென்னை போன்ற இந்திய நகரங்களில் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் இனம் இது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடப்பதோ சுமார் 30 கிலோமீற்றர் கடல். பின்னர் யாழ்ப்பாணத்திலும் இது காணப்பட்டது.

இப்படி ஒரு நுளம்பு வந்து சேர்ந்ததும் ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் விகிதங்களாகவே இருக்கும். இந்த மருந்தளவைவிட அந்த மருந்தளவு எத்தனை மடங்கு குடம்பிகளைக் குறைக்கிறது? ஓர் இனத்தின் எதிர்ப்புத்திறனே ஒரு விகிதந்தான்: பாதி நுளம்புகளைக் கொல்லத் தேவையான மருந்தளவு, எளிதில் மடியும் கூட்டத்துக்குத் தேவையானதைப்போல் எத்தனை மடங்கு? டீ.டீ.ரி. தெளிப்பின் பின் 1963இல் 17 நோயாளராக வீழ்ந்திருந்த இலங்கை மலேரியா, அதே பத்தாண்டின் இறுதியில் பேரலையாகத் திரும்பியது, நுளம்புகள் டீ.டீ.ரி.க்கு அசையாதபோது 1970களில் மலத்தியோன் வந்தது. 'எத்தனை மடங்கு' என்பதைச் சரியாகக் கணிப்பது அன்றே பொதுச் சுகாதார விவகாரமாகிவிட்டது.

மடங்காகப் பெருகும் அளவுகளுக்குக் கூட்டல் இடை பொருந்தாது, பெருக்கல் இடையே பொருந்தும் என்று கோல்ற்றனும் மக்அலிஸ்ரரும் 1879இல் எழுதினார்கள். மருந்தளவு ஆய்வில் இந்தக் கருத்து வேரூன்ற அரை நூற்றாண்டு பிடித்தது. 1927இல் திரெவன் பாதி உயிரிகளைக் கொல்லும் அளவை நச்சுத்தன்மையின் அளவுகோலாக்கினார். 1933இல் கடம், மருந்தளவின் மடக்கையை எடுத்தால் உயிரிகளின் தாங்குதிறன் இயல்பான பரம்பலுக்கு நெருங்குவதைக் காட்டினார். மறு ஆண்டு பிளிஸ், இறப்பு வீதத்தை அந்தப் பரம்பலின் அளவுக்கு மாற்றிப் பெறும் பெறுமதிக்குப் 'புரோபிட்' என்று பெயரிட்டார். பொருளாதார மந்தத்தில் அமெரிக்க விவசாயத் திணைக்கள வேலையை இழந்து இலண்டனில் புள்ளியியலாளர் ஃபிஷரிடம் வந்து சேர்ந்தவர் அவர்.

இங்கேதான் பூச்சியம் தலைநீட்டுகிறது. ஓர் அளவில் எல்லாப் பூச்சியும் மடிந்தால் அந்தப் புள்ளிக்குப் புரோபிட் பெறுமதி முடிவிலியாகிவிடும். பிளிஸின் 1935 கட்டுரைக்கு ஃபிஷர் எழுதிய பின்னிணைப்பு இதைத்தான் எடுத்துக்கொண்டது. தப்பியவர் எவருமில்லாத தரவையும், எதையும் கூட்டாமல், மிகையியல்தகவு முறையால் கணக்கில் சேர்க்க அவர் வழி கண்டார். என் மதிப்பில், இந்த வரலாற்றின் மிக நேர்த்தியான பக்கம் அதுவே.

பூச்சிகளை எண்ணும் ஆய்வில், பூச்சியத்துக்கு மடக்கை இல்லாததால், வேறு வழி பிறந்தது. றொதம்ஸ்ரெட்டின் பூச்சியியலாளர் சி. பி. வில்லியம்ஸ் 1937இல், எண்ணிக்கையோடு 1 கூட்டி, மடக்கை எடுத்துச் சராசரி கண்டு, திருப்பி, 1 கழிக்கச் சொன்னார். மடக்கை அட்டவணையும் பென்சிலும் இருந்த காலத்துக்கு அது நல்ல உபாயம். நுளம்பியலில் 'வில்லியம்ஸ் இடை' இன்றும் வழக்கிலுள்ளது.

மென்பொருள் இவ்விரு மரபுகளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 1972இல் நெல்டரும் வெடர்பேர்னும் பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிகளை முன்வைத்தபோது புரோபிட் அதனுள் ஒரு சிறப்பு வகையாக அடங்கியது. 1977இல் போலோ என்ற நிரல் பூச்சியியலாளரின் கைக்கு வந்தது. 2005இல் றிட்ஸும் ஸ்ரைபிக்கும் ஆர் மொழியில் வெளியிட்ட டி.ஆர்.சி. பொதியில், இரு வளைவுகளின் மருந்தளவு விகிதத்தை ஒரு வரிக் கட்டளையில் பெறலாம். (கையால் கணிப்போர் எதிர்க்குறியைத் தவிர்க்கப் பழைய புரோபிட்டில் 5 கூட்டினார்கள், ஆர் கூட்டுவதில்லை. பழைய கட்டுரைகளோடு ஒப்பிடுவோர் வெட்டுத்துண்டு 5ஆல் மாறுவதைக் கண்டு திகைப்பதுண்டு.)

வசதி கூடிய அளவுக்கு, எந்த விகிதம் கையில் வருகிறது என்பது மறைந்தது. எடுத்துக்காட்டாக இரு தொகுதிக் கிணறுகளைக் கற்பனை செய்வோம். குறைந்த அளவு குடம்பிகொல்லி இட்ட நான்கில் அகப்பைக்கு 0, 0, 3, 24 குடம்பிகள். கூடிய அளவு இட்ட நான்கில் 0, 0, 0, 15. கூட்டல் இடைகள் 6.75, 3.75, விகிதம் 0.56. வில்லியம்ஸ் இடைகள் 2.16, 1.00, விகிதம் 0.46. ஆனால் மென்பொருளில் 1 கூட்டிய மடக்கைகளின் வேறுபாட்டைக் கண்டு அதன் அடுக்கேற்றத்தை எடுத்தால் வருவது 0.63. அது வில்லியம்ஸ் இடைகளின் விகிதமன்று. ஒவ்வொன்றிலும் 1 கூடிய இடைகளின் விகிதம், 2.00 கீழ் 3.16. ஒரே தரவு, ஏறக்குறைய ஒரே கட்டளை வரிசை, 37 வீதக் குறைவா 54 வீதக் குறைவா என்பதில் இடைவெளி. 1க்குப் பதில் 0.5 கூட்டினால் விடைகள் மறுபடி நகரும்.

குருதியில் மருந்தின் செறிவை ஒப்பிடும் ஆய்வில் இந்தத் தொல்லை இவ்வளவுக்கு இல்லை. அங்கே பெறுமதிகள் பெரும்பாலும் பூச்சியத்தைத் தொடுவதில்லை. மடக்கை வேறுபாட்டைத் திருப்பினால் பெருக்கல் இடைகளின் விகிதமே கிடைக்கும். இரு மருந்துகள் ஒத்தவை என ஏற்கும் 0.80 முதல் 1.25 வரையான எல்லை, மடக்கைத் தளத்தில் 1க்கு இருபுறமும் சமதூரம். அந்தத் துறையின் பழக்கத்தை அப்படியே கிணற்றுக்கு இறக்குவதுதான் வினை.

எண்ணிக்கைத் தரவை மடக்கையாக்கவேண்டாம் என்று ஓ'ஹாராவும் கொட்ஸும் 2010இல் எழுதிய கட்டுரை இதையே வற்புறுத்தியது. எதிர் ஈருறுப்புப் பரம்பலும் மடக்கை இணைப்பும் கொண்ட மாதிரி, பூச்சியத்தைப் பூச்சியமாகவே ஏற்கும். அது தரும் விகிதம் கூட்டல் இடைகளுடையது. மேலே கண்ட தரவுக்கு 0.56. மலேரியாவைப் பொறுத்தவரை அதுவே பொருத்தமான விகிதம் என்பேன். நோயைப் பரப்புவது கிணறுகளிலிருந்து பறக்கும் நுளம்புகளின் மொத்தம். 15 குடம்பி கொண்ட ஒற்றைக் கிணற்றின் எடையைப் பெருக்கல் இடை வேண்டுமென்றே குறைக்கிறது. தாங்குதிறனை அளக்க அது சரி. வெளிக்களத்தில் மருந்தின் பயனை அளக்க அல்ல.