பாரி நாகசுரம்

பாரி நாகசுரம் என்பது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நீண்ட நாகசுரம். குட்டையாகவும் உச்ச சுருதியிலும் அமைந்த திமிரி நாகசுரத்தின் இடத்தை இது 20-ஆம் நூற்றாண்டில் பிடித்தது. சேலம் மாவட்டத்து மேச்சேரிக் கல்யாண வீடானாலும் தஞ்சாவூர்க் கச்சேரி மேடையானாலும், நாயனம் என்று இன்று காதில் விழுவது பெரும்பாலும் பாரிதான். சோதனையாகக் கடைந்த வடிவம் ஊர்வழக்கமாகிவிட, வழக்கத்தில் இருந்த திமிரி தேடிப் பார்க்கும் பொருளாகிவிட்டது.

அமைப்பு

நாகசுரத்தின் உடல் உலவு. மேலே ஒடுங்கிக் கீழே விரியும் இக்குழலின் நுனியில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயும், கெண்டையில் செருகி ஊதும் சீவாளியும், அடியில் விரிந்த வாயான அணசும் சேரும். உலவு ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. பச்சை மரம் இதற்கு ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டுகள் காய்ந்து இறுகிய தூண்களும் உத்திரங்களுமே உகந்தவை. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள் உண்டு. கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சீராக்குவார்கள்.

திமிரியின் காலம்

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். திமிரி ஏறத்தாழ 4 முதல் 5 கட்டைச் சுருதியில் ஒலிப்பது. ஒலிபெருக்கி இல்லாத நாளில், சாமி புறப்பாடு வருவதை நான்கு வீதிக்கும் அறிவிக்க அந்த உச்ச ஒலி வேண்டியிருந்தது. ஆனால் மத்திமச் சுரத்தின் இரு வகைகளில், உயர்ந்ததான பிரதி மத்திமமே அதில் இயல்பாகப் பேசும். தாழ்ந்ததான சுத்த மத்திமத்தை வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் இறக்கிப் பிடிக்க வேண்டும். 72 மேளகர்த்தா ராகங்களில் முதல் 36-உம் சுத்த மத்திமத்தைக் கொண்டவை. தோடியும் சங்கராபரணமும் அவற்றுள் அடங்கும். மணிக்கணக்கில் ராகம் விரிக்க விரும்பிய வித்துவானுக்கு இது ஓயாத போராட்டம்.

நரசிங்கம்பேட்டைப் பட்டறை

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர்கள் இருவர்: திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்துவந்த ரங்கநாதன் ஆசாரி. வேலை எளிதன்று. குழலை நீட்டினால் சுருதி இறங்கும். ஆனால் துளைகளும் விலகிப்போகும், விரல் எட்டாது. துளையை விரலுக்கு வாகாக நகர்த்தினால் சுரம் பிசகும். பிசகைத் துளையின் அகலத்தாலும் உட்கூட்டின் விரிவாலும் ஈடுகட்ட வேண்டும். கடைவதும் வாசித்துப் பார்ப்பதுமாகத் தேடி, சுத்த மத்திமம் நேராகப் பேசும் பாரியை அவர்கள் அடைந்தார்கள். சுருதி 2 முதல் 2½ கட்டை அளவுக்கு இறங்கியது. விரல்துளையில்லாத துணைக்குழலான ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டு ராஜரத்தினம் பிள்ளை கச்சேரி செய்யவும் இந்தச் சுருதி இடம் தந்தது. வீதிக்கென இருந்த வாத்தியம், பாட்டுக் கச்சேரிக்குச் சமமாக மேடையில் அமர்ந்தது.

ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வாசித்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்கு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். இவற்றின் வழியே நாகசுரம் பட்டிதொட்டியெங்கும் பரவியது.

அடையாளம் காணுதல்

பரண்மேல் கிடக்கும் ஒரு பழைய நாகசுரத்தை இனம் காண, உலவையே முதலில் பார்க்க வேண்டும். சீவாளி நாள்பட நிற்காது. கெண்டையும் அணசும் கைமாறும்போது மாறிவிடக்கூடும். உலவின் நீளம், துளைகளின் இடைவெளி, உட்கூட்டின் விரிவு ஆகியவை மாறாத சாட்சிகள். பிறகு தக்க சீவாளி பொருத்தி வாசித்து, எத்தனை கட்டை, எந்த மத்திமம் இயல்பாகப் பேசுகிறது என்று கேட்க வேண்டும். திமிரிக்கும் பாரிக்கும் இடைப்பட்டதை இடைப்பாரி என்பர். பெயர் ஒத்திருந்தாலும், திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பாரி நாயனம் அவ்வூருக்கே உரிய தனி மரபு. கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் உள்ள கல் நாகசுரங்கள் இன்னும் அரியவை.

பாரியைப் போலவே, உலகில் வேறிடங்களிலும் ஒற்றைக் கருவி ஒன்று ஒரு வகைக்கே தாயாகியிருக்கிறது. 1930-களில் பிலடெல்பியா இசைக்குழுவுக்காக அமெரிக்காவின் யார்க் நிறுவனம் செய்த டூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகருவி, கலைஞர் ஆர்னால்டு ஜேக்கப்ஸ் கையில் சிக்காகோ சிம்பொனியில் ஒலித்தது. பிற நிறுவனங்கள் அதை முன்மாதிரியாக வைத்துப் புதிய டூபாக்களைச் செய்தன. டூபாவின் அளவுகள் ஏடேறின. நம் ஆசாரிகளின் அளவோ பெரும்பாலும் கையிலும் காதிலும் தங்கியிருக்கிறது.

இன்று

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். தனித்தனி நாகசுரத்தின் வரலாற்றைக் காக்க, யார் கடைந்தது, யாருக்காகக் கடைந்தது, எத்தனை கட்டை என்ற மூன்றையும் அந்தந்த உலவுடன் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். திமிரி கேட்ட காதுகள் இருக்கும்போதே அதைச் செய்வது நம் கடமை.