ஆதுலர் சாலையும் தருமச்சாலையும்: வடக்குத்து வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி வட்டத்தில், நெய்வேலி நகரியத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் வடக்குத்து. இதன் ஒரு புறத்தே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் பணியாளர்க்கென அமைத்த நகரியமும் அதன் பொது மருத்துவமனையும் உள்ளன. மறுபுறத்தே, பத்துக் கல் தொலைவிற்குள், இராமலிங்க அடிகள் நிறுவிய வடலூர்ச் சத்திய தருமச்சாலை உள்ளது. முன்னது இருபதாம் நூற்றாண்டின் தொழிற்பெருக்கத்தால் எழுந்தது. பின்னது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசித்தோர் பொருட்டு எழுந்தது. உதவி நாடி வருவாரை நோக்கி, 'நீவிர் எந்நிறுவனத்தைச் சார்ந்தவர்?' என வினவும் நெறி ஒன்று. 'நுமக்கு உற்ற குறை யாது?' என வினவும் நெறி மற்றொன்று. இவ்விரு நெறிகளும் தமிழ்நாட்டு வரலாற்றில் எவ்வாறு வளர்ந்து வந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

'ஆதுலர்' என்னும் சொல் வடமொழி 'ஆதுர' என்பதன் திரிபு. தமிழ் வழக்கில் இது நோயுற்றோர், வறியோர் ஆகிய இருபாலாரையும் குறிக்கும். பிணியையும் வறுமையையும் ஒரு சொல்லால் சுட்டியமை கருதற்பாலது. பிணி வறுமைக்கும் வறுமை பிணிக்கும் ஏதுவாதலை மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இஃதொரு சான்று. முப்பத்திரண்டு அறங்களை எண்ணும் மரபிலும் ஆதுலர்க்குச் சாலை அமைத்தலும், நோய்க்கு மருந்து கொடுத்தலும், மகப்பெறுவித்தலும் இடம்பெறுகின்றன. உதவுவார் இல்லாத நிலையைக் குறிக்கும் 'அறவை' என்னும் சொல் அவ்வறங்களின் பெயர்களில் பயில்வதும் நோக்கத்தக்கது.

இலக்கியச் சான்று வேண்டின் மணிமேகலை காப்பியத்தைக் காட்டலாம். ஆபுத்திரன் மதுரையில் தான் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர், நடக்க இயலாதோர், காப்பாரற்றோர், பிணியுற்றோர் ஆகியோர்க்கு முதற்கண் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டனன் என அக்காப்பியம் கூறும். ஈண்டு உதவி பெறுதற்குத் தகுதியாவது குறையுடைமை ஒன்றே.

2. திருமுக்கூடற் கல்வெட்டு

இனிக் கல்வெட்டுச் சான்றினைக் காண்போம். பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடுமிடத்துள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழனது 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அதன் காலம் ஏறத்தாழக் கி. பி. 1068. அக்கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இருந்தன. மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்வார்க்கு 30 கலம் நெல்லும் வரையறுக்கப்பட்டன. மூலிகை கொணர்வோர், பணிவிடை புரியும் பெண்டிர், நாவிதர் ஆகியோர்க்கும் படி வகுக்கப்பட்டது. சாலையில் இருப்பாக வைத்தற்குரிய மருந்துகளின் பெயர்களும் நிரல்படப் பொறிக்கப்பட்டுள்ளன.

இக்கல்வெட்டின் சிறப்பு அதன் கணக்கேயாகும். இத்துணைப் படுக்கை, இத்துணை நெல், இன்னின்ன மருந்து என அறம் அளவைக்கு உட்படுத்தப்பட்டது. கொடுப்போர் மாறினும் அறம் மாறாது நிற்றற்கு இக்கணக்கே காவலாயிற்று. எனினும், இச்சாலை கோயிற்பணியாளரையும் கல்விச்சாலையில் பயின்றோரையும் கருதி அமைந்தது என்பதை மறத்தல் கூடாது. இன்றைய மொழியிற் கூறின், இது நிறுவனம் சார்ந்தோர்க்குரிய மருத்துவமனை.

3. வழிப்போக்கரும் சத்திரங்களும்

தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்கள் இவ்வெல்லையை ஒருபடி விரித்தன. 1801ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோசி மன்னர் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய மடலில், சத்திரங்களில் நடைபெற்ற பணிகள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர்க்கு உணவளித்தல், நோயுற்றார்க்கு மருந்தளித்தல், பேறுகாலப் பெண்டிரைப் பேணுதல், தாய் தந்தையரை இழந்த குழந்தைகளை வளர்த்தல், இறந்தாரை அவரவர் முறைப்படி அடக்கம் செய்தல் ஆகியன அவற்றுட் சில. உறுப்பினர்க்கே உரியதாயிருந்த உதவி, ஊர்விட்டு ஊர் செல்லும் எவர்க்கும் உரியதாயிற்று. எனினும் இவை பெரும்பாலும் வழியையும் வழிப்போக்கரையும் சார்ந்து நின்றவை.

4. வடலூர்த் தருமச்சாலை

இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கெனப் பார்வதிபுரத்து ஊரார் ஏறத்தாழ 80 காணி நிலம் அளித்தனர். அரசரோ பெருவணிகரோ அன்றிச் சிற்றூர் மக்களே நிலம் தந்தமை இவ்வறத்தின் தனித்தன்மை. சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் எவையும் வினவாது பசித்தார்க்கு உணவளித்தல் அங்கே நெறியாயிற்று. அன்று மூட்டிய அடுப்பு அணையாது இன்றளவும் எரிகின்றது.

அடிகளின் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல், உயிர்கட்கு நேரும் இடர்களை வகைப்படுத்துகின்றது. பசியும் கொலையும் நீக்குதலைத் தலையாய காருணியமாகவும், தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம் ஆகியவற்றை நீக்குதலை அதனையடுத்ததாகவும் அது கொள்ளும். பிணி நீக்கத்தை அடிகள் புறக்கணித்தாரல்லர். தருமச்சாலைக்குக் கிளைச்சாலைகளாக அவர் எண்ணியவற்றுள் வைத்தியசாலையும் உபகாரசாலையும் அடங்கும். மூலிகைகளின் குணங்களைத் தொகுத்த அட்டவணை ஒன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஆயினும் கிளைச்சாலைகள் பற்றிய எண்ணம் உணவுச்சாலை அளவிற்கு உருப்பெற்றிலது. இந்நிலையை யாம் வரலாற்றுப் பாடமாகக் கொள்கிறோம். உணவு ஈதலை அன்பும் அரிசியும் விறகும் கொண்டு நடத்தலாம். மருத்துவமோ பயின்ற மருத்துவரையும் மருந்தையும் நிலையான ஊதியத்தையும் வேண்டுவது. திருமுக்கூடலின் கணக்கு வடலூர்க்கு வாய்க்கவில்லை. வடலூரின் திறந்த கதவு திருமுக்கூடலில் இல்லை.

5. நிலக்கரியும் நகரியமும்

நெய்வேலி நிறுவனம் 1956இல் பதிவு பெற்றது. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் மின்னாக்கம் தொடங்கியது. சுரங்கத்திற்கும் நகரியத்திற்குமாகப் பல சிற்றூர்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குள், ஒரே வட்டாரத்தில், ஊரார் மனமுவந்து நிலம் கொடுத்த நிகழ்ச்சியும், ஊராரிடமிருந்து அரசு சட்டவழியே நிலம் பெற்ற நிகழ்ச்சியும் நடந்தன. நகரியத்தார்க்கு வீடும் பள்ளியும் மருத்துவமும் அமைந்தன. நகரியத்தின் எல்லைக்கு வெளியே வாழ்வோர்க்கு அவ்வுரிமை அவ்வாறே அமைந்திலது. வடக்குத்து போன்ற எல்லையூர்களின் நிலை இதுவே.

இச்சிக்கல் நெய்வேலிக்கு மட்டும் உரியதன்று. செருமனி 1883இல் தொழிலாளர்க்கு நோய்க்காப்பீட்டைச் சட்டமாக்கியது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் பணியை அடிப்படையாகக் கொண்டதே. இங்கிலாந்தோ 1948 சூலை 5 முதல், பணி வினவாது குடிமக்கள் அனைவர்க்கும் மருத்துவம் வழங்கியது. திருமுக்கூடல் நெறியும் வடலூர் நெறியும் உலகளாவியவை என்பது இதனால் தெற்றென விளங்கும்.

தமிழகத்தில் இரண்டையும் இணைக்கும் முயற்சி படிப்படியே நிகழ்ந்துள்ளது. 1952 முதல் இந்தியாவில் பரவிய ஆரம்பச் சுகாதார நிலையங்கள், காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1962இல் வந்த முதியோர் உதவித்தொகை, 2021 ஆகத்து 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆகியன அவ்வழிப்பட்டவை. இவற்றுள் இறுதியில் கூறியது, நோயாளர் சாலையை நாடிச் செல்லும் முறையை மாற்றி, மருந்தே நோயாளரின் இல்லத்தை நாடிச் செல்லும் முறையாக்கியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, நிலைத்த பொருளும் முறையான கணக்குமின்றி மருத்துவ அறம் நில்லாது. இரண்டாவது, கணக்கு மட்டும் இருப்பின், உதவி ஏட்டில் பெயருடையார்க்கே சென்று சேரும். மூன்றாவது, குறையுடைமையே தகுதி என்னும் நெறி நமக்குப் புதிதன்று. ஆபுத்திரன் கதையிலும் வடலூரிலும் வேரூன்றியது. எனவே, எல்லையூர்களின் நலப்பணியை மதிப்பிடுவோர், படுக்கைகளின் தொகையை எண்ணுதலோடு அமையாது, வாயிலில் வினவப்படும் முதல் வினா யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும். நகரியத்திற்கும் தருமச்சாலைக்கும் இடையே வாழும் ஆதுலர்க்கு அவ்வினாவே கதவைத் திறப்பதும் அடைப்பதும் ஆகும்.