குற்றம் சாட்டாத விசாரணை: தாய் இறப்புத் தணிக்கையின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

மருத்துவ சேவையின் தரம் எதனால் உயர்கிறது என்று கேட்டால் புதிய மருந்து, புதிய கருவி, புதிய கட்டடம் என்றே பெரும்பாலும் விடை வரும். பேறுகால மருத்துவத்தின் வரலாறு இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் அவருடைய நோய்க்குறிப்புகளைத் திரட்டி, உடனிருந்தவர்களைக் கேட்டு, எந்த இடத்தில் என்ன செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று கண்டறியும் முறை அது. இன்று தாய் இறப்புத் தணிக்கை எனப்படும் இம்முறைக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முன்வரலாறு உண்டு.

அந்த வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கும் இக்கட்டுரை ஒரு முடிவை முன்வைக்கிறது. உண்மையைச் சொல்பவருக்குப் பாதுகாப்பு, கண்டறிந்த குறையைத் திருத்தும் அதிகாரம் ஆகிய இரண்டும் ஒருசேரக் கிடைத்தால்தான் தணிக்கை உயிர்களைக் காக்கும்.

1. எண்கள் காட்டிய உண்மை

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1789 முதல் 1792 வரை பேறுகாலக் காய்ச்சல் பரவியது. அங்கு பணியாற்றிய அலெக்சாண்டர் கார்டன், தாம் கண்ட நோயாளிகளை அட்டவணையாகத் தொகுத்தார். ஒவ்வொருவருக்கும் பிரசவம் பார்த்தவர் யார் என்ற விவரமும் அதில் இருந்தது. குறிப்பிட்ட சிலர் பிரசவம் பார்த்த இடங்களில்தான் காய்ச்சல் தோன்றியது என்பதை அட்டவணை காட்டியது. மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் நோயைச் சுமந்து செல்கிறார்கள் என்று 1795-இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். தாமும் அப்படிச் சுமந்து சென்றதை மறைக்கவில்லை. ஆனால் மருத்துவச்சிகளின் பெயர்களை அச்சிட்டதால் ஊராரின் பகைக்கு ஆளாகி, அபர்டீனை விட்டே வெளியேறினார்.

அரை நூற்றாண்டு கழித்து வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் இதே பாதையில் நடந்தார். அங்கு இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறுவோரும் பணியாற்றினர். 1846-இல் மாணவர் பிரிவில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார் இறந்தனர். அதாவது நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். மருத்துவச்சிப் பிரிவில் இறப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டவில்லை. பிணக்கூறாய்வு செய்த கைகளோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று உணர்ந்த அவர், 1847 மே மாதத்தில் குளோரின் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். 1848-இல் அதே பிரிவில் இறப்பு நூற்றுக்கு 1.3 அளவுக்கு இறங்கியது.

இருந்தும் அவருடைய முறை நிலைக்கவில்லை. கிருமிக் கோட்பாடு அப்போது பிறந்திருக்கவில்லை என்பது ஒரு காரணம். தம்மை மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று வெளிப்படையாகச் சாடியது எதிர்ப்பை இன்னும் இறுக்கியது. கார்டன், செம்மல்வைஸ் இருவரும் சொன்னது சரி. எனினும் தவறு செய்தவர் அதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்வதற்கான வழி அவர்கள் காலத்து மருத்துவ உலகில் இல்லை.

2. தவிர்த்திருக்கக்கூடியவை

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் குழந்தை இறப்பு பல நாடுகளில் குறைந்தது. தாய் இறப்பு குறையவில்லை. இங்கிலாந்தில் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ நான்கு தாய்மார் என்ற அளவிலேயே அது 1930-களின் நடுப்பகுதி வரை நின்றது. இந்தத் தேக்கத்தின் காரணத்தை அறிய 1928-இல் அங்கு ஓர் அரசுக் குழு அமைந்தது. ஆயிரக்கணக்கான இறப்புகளைத் தனித்தனியே ஆராய்ந்த குழு, அவற்றில் ஏறத்தாழ பாதி தவிர்த்திருக்கக்கூடியவை என்று 1932-இல் அறிவித்தது. நியூயார்க் மருத்துவக் கழகம் அந்நகரில் 1930 முதல் 1932 வரை நேர்ந்த 2,041 தாய் இறப்புகளை ஆராய்ந்து, மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக்கூடியவை என்று 1933-இல் வெளியிட்டது. பொறுப்பின் பெரும்பகுதியை மருத்துவர்கள் மீதே அறிக்கை வைத்ததால் மருத்துவர்களிடையே கடும் சினம் எழுந்தது.

அதே 1933-இல் சென்னை மாநகரின் தாய் இறப்புக் காரணங்கள் குறித்த ஆய்வறிக்கையும் வெளிவந்தது. அதை அளித்தவர் மகப்பேறு மருத்துவரும் பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நீண்டகாலம் விளங்கியவருமான ஆ. இலட்சுமணசாமி முதலியார். லண்டனிலும் நியூயார்க்கிலும் கேட்கப்பட்ட கேள்வி அதே ஆண்டுகளில் சென்னையிலும் கேட்கப்பட்டது என்பதை நம் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை.

இந்தக் கட்டத்தின் சாதனை ‘தவிர்த்திருக்கக்கூடியது’ என்ற கருத்தை ஆய்வுக்குரிய பொருளாக்கியதுதான். பேறுகால இறப்பை விதி என்று ஏற்கும் மனநிலைக்கு அது நேரடிச் சவாலாக அமைந்தது.

3. இரகசியம் காத்த ஆய்வு

1930-களின் பிற்பகுதியில் சல்ஃபா மருந்துகளும், பின்னர் பெனிசிலினும், எளிதாகக் கிடைத்த இரத்தமும் தாய் இறப்பை வேகமாகக் குறைத்தன. எஞ்சிய இறப்புகளுக்கான காரணங்கள் நுட்பமானவை. மொத்த எண்ணிக்கையைப் பார்த்து அவற்றை அறிய முடியாது. இந்நிலையில் இங்கிலாந்தும் வேல்ஸும் 1952-இல் தாய் இறப்புகளுக்கான இரகசிய விசாரணை முறையைத் தொடங்கின. முதல் அறிக்கை 1957-இல் வந்தது. பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தது.

கார்டனின் அட்டவணைக்கு நேர் எதிரானது இந்த ஏற்பாடு. இறந்தவர், மருத்துவர், மருத்துவமனை ஆகிய எல்லாப் பெயர்களும் நீக்கப்பட்டன. திரட்டிய தகவல் தண்டனைக்கோ வழக்குக்கோ போகாது என்ற உறுதி இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுத மருத்துவர்கள் முன்வந்தனர்.

கண்டறிந்தவை நடைமுறைகளாகவும் மாறின. சிசேரியனுக்குப் பின் கால் சிரையில் உறையும் இரத்தம் நுரையீரலை அடைப்பது முதன்மைக் காரணமாகத் தொடர்ந்து பதிவானது. இதைத் தடுக்கும் வழிகாட்டுதலை அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் கல்லூரி 1995-இல் வெளியிட்டது. பின்னர் வந்த 1997-99 அறிக்கையில் சிசேரியனுக்குப் பிந்தைய இத்தகைய இறப்புகள் தெளிவாகக் குறைந்திருந்தன. குறையைக் கண்டு, வழிமுறையை வகுத்து, பலனை மீண்டும் அளந்து பார்க்கும் முழுச் சுற்று இங்கே நிறைவேறியது.

4. தாமதங்களின் கோட்பாடு

1966-இல் அவெடிஸ் டோனபெடியன் மருத்துவத் தரத்தை அளக்கும் சட்டகம் ஒன்றை முன்வைத்தார். ஆள், கட்டடம், கருவி ஆகியவை கட்டமைப்பு. நோயாளிக்கு என்ன செய்யப்பட்டது என்பது செயல்முறை. அவருக்கு என்ன ஆயிற்று என்பது விளைவு. தாய் இறப்புத் தணிக்கை விளைவில் தொடங்கிச் செயல்முறை வழியாகக் கட்டமைப்பு வரை பின்னோக்கிச் செல்கிறது.

ஆனால் ஏழை நாடுகளில் பல பெண்கள் மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்தனர். 1987-இல் நைரோபியில் கூடிய பாதுகாப்பான தாய்மை மாநாடு இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் இருவரும் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினர்: மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இதனால் குடும்பமும் சாலையும் மருத்துவமனை வாசலும் விசாரணையின் எல்லைக்குள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி, உறவினர்களிடம் கேட்டறியும் சமூகத் தணிக்கையையும் மருத்துவமனைத் தணிக்கையோடு இணைத்துப் பரிந்துரைத்தது.

5. தமிழ்நாட்டின் பாதை

தமிழ்நாட்டில் தாய் இறப்புத் தணிக்கை 1990-களில் தொடங்கி, 2004-இல் கட்டாயமாக்கப்பட்டது. இதன் சிறப்புக்கூறு மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வு. சுகாதாரத் துறையினரோடு இறந்த பெண்ணின் உறவினர்களும் அதில் பேசுகிறார்கள். வீட்டிலிருந்து எப்போது கிளம்பினார்கள், வண்டி எப்போது வந்தது, எத்தனை மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையெல்லாம் எந்த நோய்க்குறிப்பைவிடவும் குடும்பத்தினரே முழுமையாக அறிவர். மேலும் இரத்த வங்கி, சாலை, வண்டி போன்றவை மருத்துவருடைய கையில் இல்லை. ஆட்சியர் நினைத்தால் துறைகளை ஒருங்கிணைக்க முடியும்.

இதே காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியரை அமர்த்தி 24 மணி நேரப் பிரசவ சேவை விரிவாக்கப்பட்டது. சிசேரியனும் இரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் அவசர மகப்பேறு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைந்தன. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. இவை ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு தாமதத்துக்கான விடை.

மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டின் தாய் இறப்பு 2001-03-இல் 134, 2018-20-இல் 54. இந்திய அளவில் இது 301-லிருந்து 97-ஆக இறங்கியது. இந்த இறக்கம் முழுவதையும் தணிக்கையின் கணக்கில் எழுத முடியாது. பெண்கல்வி, குறைந்த பிள்ளைப்பேறு, மருத்துவமனைப் பிரசவம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. எந்த ஊரில், எந்தத் தாமதத்துக்கு முதலில் தீர்வு தேவை என்று காட்டுவதே தணிக்கையின் பங்கு. அண்டை மாநிலமான கேரளம் மாற்றுப் பாதையில் சென்றது. அங்கு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பே முன்னின்று 2004-இல் பெயர் மறைத்த இரகசிய ஆய்வைத் தொடங்கியது.

முடிவுரை

கார்டனிடமும் செம்மல்வைஸிடமும் உண்மை இருந்தது; அதை ஏற்றுக்கொள்ளச் செய்யும் அமைப்பு இல்லை. இங்கிலாந்தின் முறை சொல்பவருக்குப் பாதுகாப்பைத் தந்தது. தமிழ்நாட்டின் முறை திருத்தும் அதிகாரத்தைத் தந்தது. அதிகாரி தலைமையில் அனைவர் முன்னும் நடக்கும் விசாரணையில் இளம் மருத்துவரோ செவிலியரோ தம் தவறைத் தயங்காமல் சொல்வது கடினம். பெயர் மறைத்த ஆய்வுக்கோ ஒரு கிராமத்துக்கு வண்டி வரவழைக்கும் ஆற்றல் இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்றுதான் நிரப்ப முடியும்.

இனித் தடுக்க வேண்டிய இறப்புகள் முன்பைவிடச் சிக்கலானவை. பிரிட்டிஷ் அறிக்கைகளில் இதயநோய் முன்னணிக் காரணங்களுள் ஒன்றாகிவிட்டது. இத்தகைய இறப்புகளைப் புரிந்துகொள்ள, சிகிச்சை அறையில் எடுத்த ஒவ்வொரு முடிவும் ஒளிவுமறைவின்றித் தெரிய வேண்டும். எனவே மருத்துவ முடிவுகளை ஆராயும் பகுதி பெயர் நீக்கி, தண்டனைக்கு அப்பால் நடக்க வேண்டும். அதன் பரிந்துரைகள் ஆட்சியர் கூட்டத்துக்கு வந்து, காலக்கெடுவோடு நிறைவேற வேண்டும். நிறைவேறியதா என்பது அடுத்த ஆய்வில் அளக்கப்பட வேண்டும். மகளைப் பறிகொடுத்த குடும்பம் அந்தக் கூட்டத்துக்கு வந்து பேசுவது, வேறொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான். அவர்கள் சொன்னதால் என்ன மாறியது என்பதை அவர்களுக்கே தெரிவிப்பது இம்முறையின் கட்டாயப் பகுதியாக வேண்டும்.