இழந்ததைக் கேட்கும் சொற்கள்

இழந்த பொருளைத் திரும்பப் பெறுவதற்கு முன்னர் அதனைக் கேட்பதற்குரிய சொல்லை அறிந்திருத்தல் வேண்டும். தமிழிலே அடகு வைத்த நகையையும் மீட்கிறோம். வெள்ளத்தில் அகப்பட்டவரையும் மீட்கிறோம். பறிபோன காணியையும் மீட்கிறோம். ஆங்கிலமோ இவற்றைப் பிரித்துப் பேசும். இழந்த உடல்நலம் மீள்வது 'றிக்கவர்'. தேடி எடுத்து வருவது 'றிட்றீவ்'. சிதைந்ததைப் பழைய நிலைக்குக் கொணர்வது 'றெஸ்ரோர்'. பறித்த பொருளையே உரியவரிடம் ஒப்படைப்பது 'றெஸ்ரிற்யூஷன்'. இழப்புக்கு ஈடாகப் பணம் தருவது 'கொம்பன்சேஷன்'. இழைத்த அநீதியை நேர்செய்வது 'றிட்றெஸ்'.

இவ்வேறுபாடு வெறும் அகராதி விடயம் அன்று. இன்று நம்மவர் பலர் வாழும் குபெர்டினோவும் அதனைச் சூழ்ந்த சாந்தா கிளாராப் பள்ளத்தாக்கும் ஒருகாலத்தில் பழத்தோட்டங்களாக விளங்கின. அம்மண்ணில் உழைத்தவர்களுள் யப்பானிய விவசாயக் குடும்பங்களும் அடங்குவர். 1942 பெப்ரவரி 19 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த 9066 ஆம் இலக்க ஆணையினால் ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். கையில் தூக்கக்கூடியதை மட்டுமே கொண்டுசெல்ல முடிந்தது. சான் ஹோசேயில் பிறந்த நோர்மன் மினெற்றா என்னும் பத்து வயதுச் சிறுவன் கொண்டுசென்ற பேஸ்போல் மட்டையைக்கூட, ஆயுதமாகலாம் என்று காவற்படையினர் பறித்துக்கொண்டனர். அவன் குடும்பம் வயோமிங் மாநிலத்து ஹார்ட் மவுண்டன் முகாமில் அடைக்கப்பட்டது.

போர் முடிந்தபின், 1948 இல், நட்டஈட்டுச் சட்டம் ஒன்று வந்தது. சொத்திழப்பை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. பறிபோன சுதந்திரத்துக்கோ, இழந்த வருமானத்துக்கோ, பட்ட அவமானத்துக்கோ அதில் இடமில்லை. அவசர அவசரமாக வெளியேறியவர்களிடம் ஆவணச் சான்று கேட்கப்பட்டது. ஏறத்தாழ 14 கோடியே 80 இலட்சம் டொலர் கோரியவர்களுக்கு ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் டொலரே கிடைத்தது. கேட்ட சொல் 'கொம்பன்சேஷன்'. கிடைத்ததும் அதுவே, அதிலும் கால்பங்கு.

1978 இல் யப்பானிய அமெரிக்கப் பிரசைகள் கழகம் வேறொரு சொல்லைக் கைக்கொண்டது. அதுவே 'றிட்றெஸ்'. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம், குறைகளை நேர்செய்யுமாறு அரசிடம் மனுச் செய்யும் உரிமையை மக்களுக்கு அளிக்கின்றது. அங்குள்ள சொல்லும் இதுவே. ஆகவே அவர்களது கோரிக்கை இரந்து நிற்றலாக அன்றி, பிரசையின் உரிமைக் குரலாக ஒலித்தது.

1980 இல் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இனக் காழ்ப்பும் போர்ப் பீதியும் அரசியல் தலைமையின் தவறுமே காரணம் என 1983 இல் அது அறிவித்தது. ஆணைக்குப் பணிய மறுத்துத் தண்டிக்கப்பட்ட பிரெட் கொரெமற்சுவின் தீர்ப்பை அதே ஆண்டில் சன்பிரான்சிஸ்கோ நீதிமன்றம் நீக்கியது. 1988 ஓகஸ்ட் 10 இல் ஜனாதிபதி றீகன் கையொப்பமிட்ட சட்டம், அரசின் மன்னிப்பையும் அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலரையும் அளித்தது. 82,000 இற்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றனர். சட்டம் நிறைவேற முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர், மட்டையை இழந்த அதே மினெற்றா. அப்பொழுது அவர் காங்கிரஸ் உறுப்பினர். ஆயினும் முதற் தலைமுறையினர் பலர் அதற்கு முன்னரே மறைந்துவிட்டனர்.

எமது இழப்புக்களையும் இவ்வாறு பிரித்து நோக்குதல் நன்று. 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் கட்டடம் 'றெஸ்ரோர்' செய்யப்பட்டது. எரிந்த ஏட்டுச் சுவடிகளை 'றிட்றீவ்' செய்ய எவராலும் இயலாது. வலிகாமம் வடக்கில் 1990 இல் இழந்த காணிகளுள் ஒரு பகுதி திரும்பியது. அங்கிருந்த வீடுகள் பல திரும்பவில்லை. காணாமற் போனோரின் பெற்றோர் கேட்பது பணத்தை அன்று, உண்மையையும் நீதியையும். இழப்பீட்டுக்கென 2018 இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் இழப்பீடு வேறு, நீதி வேறு.

ஆதலின், காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பழைய புகைப்படங்களையும் பேணி வைப்போம். மூத்தோர் நினைவில் உள்ளவற்றைத் திகதியுடன் எழுதி வைப்போம். எந்தப் படிவத்திலும் ஒப்பமிடுமுன், அது எதனைத் தருவதாகச் சொல்கிறது என்பதை ஆங்கிலம் கற்ற எம் பிள்ளைகளைக் கொண்டு சொல் சொல்லாக வாசித்தறிவோம்.