சுவரில் சேரி உண்டு, பெயர் இல்லை

தஞ்சாவூரில் நான் வரலாறு படித்த நாட்களில் வகுப்பில் சேரிப் பிள்ளைகள் நாலைந்து பேர். ஸ்காலர்ஷிப் வந்தால் எங்கள் பெயர்களைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாடம் முழுக்கச் சோழர்களின் 'பொற்காலம்'. "அப்போ எங்க ஆளுங்க எங்க சார் இருந்தாங்க?" என்று எங்களில் ஒருவன் கேட்டுவிட்டான். வகுப்பு சிரித்தது. "பாடத்துல இருக்கிறதக் கேளு" என்றார் ஆசிரியர்.

பதில் அதே ஊரில், பெரிய கோயில் சுவரில் இருந்தது. 1010-இல் கட்டி முடித்த கோயில் அது. அதற்கு ராஜராஜன் விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது: ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, சுடுகாடு. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் அங்கே வருகிறது. தீண்டாமை நேற்று வந்தது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சுவரைப் படிக்கட்டும். நூறாண்டுக்கு முன்பே இவை அச்சிலும் வந்துவிட்டன. எங்கள் பாடநூலுக்குத்தான் வந்து சேரவில்லை.

அதே சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தனித்தனியே பெயர் உண்டு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கணக்கும் உண்டு. நகைகள் மஞ்சாடிக் கணக்கில் நிறுத்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை எண்ணிய சுவர், அந்த நிலப்பட்டியலில் சேரியை ஓர் இடமாக மட்டும் எழுதியது. அதில் இருந்த மனிதர் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. அந்தக் கோயிலுக்குள் நாம் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுவர் எழுதாததை என் அப்பாயி சொன்னாள். "நெல்லு வெளஞ்ச ஊருலதான் நண்டையும் நத்தையையும் தின்னு வளந்தோம். விடியறதுக்குள்ள வயல்ல நிக்கணும். லேட்டானா சவுக்கடி, சாணிப்பால்." சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் இந்தத் தண்டனையைத் தஞ்சைச் சீமையில் கேள்விப்படாத சேரி இல்லை. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய விவசாயச் சங்கம் 1944-இல் ஒப்பந்தம் போட்டுத்தான் இதை நிறுத்த வைத்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செங்கொடிக்கு நாம் பட்ட கடன் இது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்ததை 'கூலித் தகராறு' என்று மட்டும் எழுதினால் போதுமா? கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டார்கள், சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள் என்பது உண்மை. ராமையாவின் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேரும் சேரிக்காரர்கள் என்பதும் உண்மை. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970-இல் கீழ்க்கோர்ட் மிராசுதார்கள் சிலருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். சுவருக்குச் சேரியில் ஆள் தெரியவில்லை. கோர்ட்டுக்கு மிராசுதாரிடம் குற்றவாளி தெரியவில்லை. வர்க்கம் என்ற ஒற்றைச் சொல்லால் இந்த இரண்டையும் விளக்க முடியாது. 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது நம் மாணவர்கள் எழுப்பிய கேள்வி இதுதான். அது சங்கத்துக்கு எதிரான கேள்வி அல்ல. நம்மை முழுதாகச் சொல்லு என்ற கேள்வி.

வெண்மணிக்கு நான் முதலில் போனபோது நினைவுச் சின்னத்தில் 44 பெயர்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். பெரிய கோயிலில் நான் தேடிக் கிடைக்காதது அங்கே கிடைத்தது. ஆனால் நம் பெயர் கல்லில் ஏறுவதற்குச் செத்துத்தான் ஆக வேண்டுமா?

எனக்குப் பின்னால் படிக்க வருகிற தம்பி தங்கைகளிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் அப்பாயி உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பண்ணை, எத்தனை மரக்கா கூலி, முதலில் பள்ளிக்கூடம் போனது யார், அவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை வகுப்பில் கேள்வி வந்தால், பதில் நம் கையில் இருக்க வேண்டும்.