சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும்: இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது 1986-ஆம் ஆண்டு முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இதைக் கண்டறிந்தனர். ஒரு பட்ட மேற்படிப்பு ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய பணி, ஆய்வகத்துக்கு வெளியே நோயாளிகளுக்கான மருத்துவமனையாகவும் ஆலோசனை மையமாகவும் வளர்ந்தது.

பின்னணி

சுனிதி சென்னையில் வாழ்ந்த மராத்திய வணிகக் குடும்பமான கெய்டோண்டே குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, வெளிநாடுகளில் நோயியலில் பயிற்சி பெற்று, 1973-இல் சென்னை திரும்பினார். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் பற்றிய செய்திகள் பரவின. மும்பையில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் தொற்று காணப்படவில்லை. எனவே இந்நோய் இந்தியாவுக்கு வராது என்ற எண்ணமே மருத்துவர்களிடமும் இருந்தது. இந்நிலையில் நிர்மலாவின் ஆய்வுக்கு எய்ட்ஸ் கண்காணிப்பைத் தலைப்பாகக் கொள்ளுமாறு சுனிதி கூறினார்.

மாதிரிகள் சேகரிப்பு

மும்பையைப் போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கெனத் தனிப்பகுதி இல்லை. ஆகவே நிர்மலா அரசு பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களைச் சந்தித்தார். அவர்கள் வழியாக, பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த அரசு காப்பகத்தை அறிந்து அங்கே சென்றார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அப்போது அவரிடம் கையுறைகூட இல்லை. பிரித்தெடுத்த சீரம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டது. கணவர் வீரப்பன் இராமமூர்த்தி ஸ்கூட்டரில் அழைத்துச் சென்று உதவினார்.

சோதனை எதற்கு என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்க்கான வழக்கமான சோதனை என்றே அவர்கள் எண்ணினர்.

வேலூரில் சோதனை

அன்று சென்னையில் எலிசா சோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளுடன் இரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். அங்கே வைராலஜி அறிஞர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஜார்ஜ் பாபு சோதனைக்கு உதவினார். சோதனைத் தட்டில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. அது தொற்றின் அடையாளம். அப்பெண்களிடம் மீண்டும் இரத்தம் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் முறையில் முடிவு உறுதிப்படுத்தப்பட்டது. அன்றைய தமிழக நலவாழ்வு அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதை அறிவித்தார். நிர்மலா 1987-இல் ஆய்வேட்டை அளித்து, பின்னர் கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்பில் பணியாற்றினார்.

சோதனைக்குப் பின் நேர்ந்தவை

தொற்று கண்டறியப்பட்ட பெண்களுக்கு அளிக்க அன்று மருந்து ஏதுமில்லை. பரிவும் கிட்டவில்லை. பின்வந்த ஆண்டுகளில், விடுதலைக் காலம் வந்த பின்னரும், தொற்றைக் காரணம் காட்டிப் பல பெண்கள் காப்பகத்திலேயே தடுத்து வைக்கப்பட்டனர். இதழாளர் ஷியாமளா நடராஜ் தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அறிவியலுக்குப் பெரிய கண்டுபிடிப்பாக அமைந்த அதே முடிவு, இரத்தம் கொடுத்த பெண்களுக்குத் தண்டனையாக மாறியது. ஆலோசனையும் சிகிச்சையும் இரகசியக் காப்பும் இல்லாத சோதனை யாருக்கும் பயன்படாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டின.

ஒய்.ஆர்.ஜி. கேர்

மருத்துவமனைகள் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1993-இல் சுனிதி சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, விருப்பத்தின் பேரில் சோதனை, சிகிச்சை, குடும்பத்தாரிடம் விளக்கம் கூறுதல் ஆகியவை அங்கே ஓரிடத்தில் கிடைத்தன. கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தப்பட்டன.

அங்கே வந்த பெண்களுள் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு யாருடனும் உறவு கொள்ளாதவர்கள். நோய் பாலியல் தொழிலாளர்களோடு நின்றுவிடும் என்ற எண்ணம் தவறானது என்பதை இது காட்டியது. தொற்றுள்ளோர் துணை தேடியபோது சுனிதி அவர்களுக்கு வரன் பார்க்கவும் செய்தார். படிப்பு, வருமானம், சமயம் ஆகியவற்றோடு இருவரின் உடல்நிலையும் பொருத்தத்தில் சேர்ந்தது.

ஆய்வும் தொடர்ந்தது. சிகிச்சையை விரைவில் தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறையும் என 2011-இல் அறிவித்த பன்னாட்டு ஆய்வில் சென்னை மையமும் பங்கேற்றது.

பின்விளைவுகள்

இந்தியாவில் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. சென்னை தாம்பரம் அரசு மருத்துவமனை தொடக்க மையங்களுள் ஒன்று. சுனிதி சாலமன் 2015 ஜூலை 28 அன்று மறைந்தார். 2017-இல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் எச்.ஐ.வி. சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவரின் ஒப்புதல் பெறாமல் அவருக்கு இச்சோதனை செய்யக்கூடாது என்றும், தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக்கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. 1986-இல் காப்பகப் பெண்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தில் இடம்பெற்றது.