இரண்டு கெல்லாஸ்கள்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே மோரே வட்டாரத்தில் கெல்லாஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மலேசியாவின் பேராக்கில், ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் நடுவில் கிந்தா கெல்லாஸ் என்று ஒரு தோட்டம் இருந்தது. இரண்டையும் இணைத்தவர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870இல் அந்தச் சிற்றூர்ப் பக்கம் பிறந்து, இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, காடழித்துச் சேர்த்த பணத்தில் ரப்பர் போட்டு, பிறந்த மண்ணின் பெயரையே தோட்டத்துக்கு வைத்தவர். 1915இல் அவர் தொடங்கிய மாளிகை கட்டி முடியாமலேயே இன்று சுற்றுலாத் தலமாக நிற்கிறது. வேலைக்குச் சென்னையிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். பிறகு ஸ்பானிஷ் காய்ச்சல் வந்தது, கூலிகள் செத்தார்கள், மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மனைவி சொத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார்.

இந்த இரண்டு கெல்லாஸிலும் இன்று ஒருவர் தன் பாட்டனைத் தேடிப் புறப்பட்டால் என்ன கிடைக்கும்?

மோரேக்காரருக்கு வழி எளிது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாமே அரசுப் பதிவேட்டில் ஏறுகின்றன. அந்தப் பதிவின் அருமை அதிலுள்ள தாயின் பெயரில் இருக்கிறது. கிழவி ஒருத்தி எண்பது வயதில் இறந்தாலும், இறப்புப் பதிவில் அவளுடைய தகப்பன் பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் எழுதப்படும். ஒரு தாளைப் பிடித்தால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். அதற்கும் முந்திய காலத்துக்குத் திருச்சபை ஏடுகள் உண்டு. அவற்றில் மிகப் பழையது 1553இல் தொடங்குகிறது.

ஏடு இருந்தால் மட்டும் போதாது, அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அபர்டீன், வடகிழக்கு ஸ்காட்லாந்துக் குடும்ப வரலாற்றுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. இத்தகைய சங்கங்கள் நடத்தும் உரைகளுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் விவசாயிகளும் வந்து உட்கார்ந்து, பழைய கையெழுத்தைப் படிப்பது எப்படி, பண்ணையாள் குடும்பம் ஏன் அடிக்கடி ஊர் மாறியது என்றெல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள். மோரேயில் கல்லறை ஆய்வுக்கென்றே ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. புல்லுக்கு அடியில் புதைந்துபோன கல்லறைக் கற்களைத் தேடி எடுத்து, மண்ணைத் துடைத்து, எழுத்தைப் படித்துப் படமெடுத்து வைக்கிறார்கள். யாரோ ஒருவருடைய பெயருக்காக மண்டியிட்டு மண்ணைத் துடைக்கும் அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்தப் பக்கம் வருவோம். ஒப்பிட்டுப் பார்க்க, 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 இந்தியரையும் எண் போட்டுக் கப்பல் பட்டியலில் எழுதினார்கள். ஊர், தாலுகா, தகப்பன் பெயர் வரை அதில் உண்டு. டர்பனில் உள்ள தமிழர் இன்று அந்த எண்ணைக் கொண்டு வட ஆற்காட்டு ஊரைக் கண்டுபிடிக்கிறார். மலாயாவிலோ ஒப்பந்தமுறை 1910இல் நின்றுபோனது. ரப்பர் தோட்டங்களை நிரப்பியவர்களில் பெரும்பகுதியினர் கங்காணி அழைத்து வந்தவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் சுதந்திரமான ஆட்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை. நேட்டாலுக்கு எழுதியதுபோல் ஆளுக்கொரு ஒப்பந்தத் தாள் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. அந்தச் சுதந்திரம் கூலியைக் கூட்டித் தரவில்லை, ஆனால் பேரப்பிள்ளைகளின் கையிலிருந்து முகவரியைப் பறித்துவிட்டது.

பின்னாளில் வந்தவர்களுக்கு ரஜூலா கப்பல் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல். அது 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ள் தளத்தில் கட்டப்பட்டது என்று நம்மால் சொல்ல முடிகிறது. அதில் தன் பாட்டி எந்த மாதம் ஏறினாள் என்று கேட்டால் ஈப்போவின் புந்தோங்கில் பல வீடுகளில் பதில் இல்லை.

தோட்டத்திலும் பெயர் எழுதினார்கள். அதற்குச் செக்ரோல் என்று பேர். தோட்டக் குமாஸ்தாவான கிராணி எழுதுவார்: ஆள் பெயர், எத்தனை நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்தான், எவ்வளவு பிடித்தம். ஒரே தோட்ட அலுவலகத்தில் துரையின் பெயர் பத்திரங்களிலும் உயிலிலும் நின்றது, முனியாண்டி என்ற கூலியின் பெயர் மாதக் கணக்கில் நின்றது. கணக்கு தீர்ந்ததும் பேரேட்டுக்கு வேலை முடிந்தது. அவன் யாருக்குப் பிறந்தவன் என்பது கூலிக் கணக்குக்குத் தேவைப்படவில்லை.

சாவிலும் இந்த வேறுபாடு தொடர்ந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் இரண்டு பக்கத்தாரும் ஒன்றாகச் செத்தார்கள். சிங்கப்பூரில் பிடிபட்ட கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவினர் அபர்டீன் பக்கத்துப் பிள்ளைகள். பேராக் தோட்டங்களிலிருந்தும் லாரி லாரியாக நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 பேர் இருக்கிறார்கள். தலைமாட்டில் பெயரும் படைப்பிரிவும் பொறித்து, புல்லை வெட்டிப் பராமரிக்கிறார்கள். தோட்டத்திலிருந்து போன தமிழனுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. அவன் திரும்பி வராத செய்தி லயத்தில் பெண்கள் வைத்த ஒப்பாரியில் பதிவாகி, அந்தப் பெண்களோடு போய்விட்டது.

‘நம்மாட்களுக்கு வரலாற்று உணர்வு கிடையாது’ என்று ஈப்போவில் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்த ஒரு வழக்கம் உண்டு: மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர். பதிவேடு கிடைக்காத இடத்தில் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கொண்டே பாட்டன் பெயரை ஊகிக்கிறார்கள். நமக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் அவன் பேரன். எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை முனியாண்டி வந்துகொண்டே இருந்தார், எண்கணிதம் பார்த்துப் பெயர் வைக்கும் காலம் வரை.

இன்னொன்று குலதெய்வம். ஊர் பெயர் மறந்த குடும்பங்கள்கூடச் சாமி பெயரை மறப்பதில்லை. தமிழ்நாட்டில் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குப் பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். யார் யார் தலைக்கட்டு, யார் மகன் தனியாகப் பிரிந்தான் என்று அதற்கு ஒரு நோட்டு இருக்கும். சேலத்திலோ திருச்சியிலோ ஏதோ ஒரு பூசாரி வீட்டுப் பெட்டியில், மலாயா போனவன் வரி கட்டாததால் பெயர் அடிக்கப்பட்ட இடம் இன்னும் இருக்கலாம். திருச்சபை ஏட்டுக்கு இணையாக நம்மிடம் உள்ளது அந்த நோட்டுதான் என்பது என் எண்ணம்.

குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் உரைக்கு இணையானது தோட்டத்துக் கோயில் திருவிழா. லயங்கள் போய்விட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, கோயில் மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை புந்தோங்கிலிருந்தும் மெங்லெம்புவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பழைய ஆட்கள் வருகிறார்கள். கூழ் ஊற்றி முடிந்த பிறகு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, போன ஆண்டு என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“யாரு வூட்டுப் புள்ள நீ?”

தாத்தா பெயரைச் சொன்னேன்.

“எந்த முனியாண்டி? இங்க நாலு முனியாண்டி. ஸ்டோர்காரரா, மாடு வச்சிருந்தவரா?”

“கடைசி லயம், பாட்டி. மாடு வச்சிருந்தவரு.”

“அப்ப காளியம்மா பேரன்னு சொல்லு.”

அடுத்த கால் மணி நேரம் அவள் பேசியதெல்லாம் பெண்களைப் பற்றி. காளியம்மாவின் தாய் யார், எந்தத் தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள், அவளுடைய அக்காளை யாருக்குக் கொடுத்தார்கள். என் அடையாளக் கார்டில் ‘அனாக் லெலாக்கி’, அதாவது இன்னார் மகன், என்று தகப்பன் பெயர்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பதிவாளர் 1855இலிருந்து மை தொட்டு எழுதிவந்த தாய்வீட்டுப் பெயரை, இங்கே எழுதப் படிக்கத் தெரியாத இந்தக் கிழவி வாயிலேயே வைத்திருந்தாள். ஆனால் அங்கே பதிவாளர் இறந்தால் இன்னொருவர் நாற்காலிக்கு வருவார். இங்கே இவளுக்குப் பிறகு நாற்காலி மட்டும்தான்.

கெல்லி ஸ்மித் கட்டிக் கொடுத்த கோயிலில், சாமிச் சிலைகளின் வரிசையில், வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கிறது. அது துரைதான் என்கிறார்கள். மோரேயில் பதிவாகிப் பத்து காஜாவில் மாளிகையாக நிற்பவரை, பெயர் தெரியாத நம் ஆட்கள் தங்கள் பதிவேட்டிலும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். காய்ச்சலில் போனவர்களின் பெயரை அந்தச் சுவரில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இந்த ஆண்டு ஆடியில் நான் பள்ளி நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். கிழவி இருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். போன ஆண்டு சொன்னதையெல்லாம் மறுபடி சொல்லச் சொல்லி, கோடு போட்டு எழுதினேன். காளியம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள் என்று எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

“ஆறு. ஒண்ணு பொறந்து, பேரு வைக்கறதுக்குள்ள போயிடுச்சு. பொட்டப்புள்ள. அதையும் எழுது.”